கருமாதி ஒரு தடவைதான்

செத்துப்போன என் பாவா, தன்னுடைய கருமாதியில் யார் எத்தனை வடை தின்றார்கள் என்று விசாரிக்கத்தான் திரும்பி வந்திருக்கிறார் என்று நான் முதலில் நம்பினேன்.

நம்புவதற்குக் காரணம் இருந்தது. நான் நான்கு தின்றிருந்தேன். இலையை மடித்த பிறகு, பரிமாறுகிறவரைக் கண்ணால் கூப்பிட்டு ஐந்தாவதை வேட்டி மடியில் கட்டிக்கொண்டு வந்தவன் நான். அப்படிப்பட்டவன் மூன்று வருஷம் கழித்து, உச்சி வெயிலில், திருத்தணி ஸ்டேஷனிலிருந்து வரும் ரோட்டில் அவரையே எதிரில் பார்த்தால் வேறு என்னத்தை நினைப்பான்? பேய் நடமாட உச்சிப் பொழுதுதான் தோதான நேரம் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

காக்கி நிஜார். இரண்டு பேர் நுழையக்கூடிய சட்டை. அதற்கு மேல் எனக்குத் தெரிந்த மூக்கு. பேய்க்குக் கால் தரையில் படாது என்பார்களே, அதைப் பார்த்துவிடலாம் என்று குனிந்து பார்த்தேன். ஒரு கால் பட்டது. இன்னொரு கால், முழங்காலுக்குக் கீழே துணி சுற்றிய கால், பட்டும் படாமலும் இருந்தது. எனக்கு அந்த ஒரு கால் போதும்.

"டேய் மச்சான்" என்றது அது.

கையிலிருந்த புரூஃப் காகிதங்களை ரோட்டிலேயே போட்டுவிட்டு ஓடினேன். நான் வேலை பார்த்த அச்சுக்கூடம் நாலு கடை தள்ளித்தான். உள்ளே போய் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மீசை உண்டு. ஊரில் எல்லோரையும் கேலி பண்ணுகிறவன் என்று பேரும் உண்டு.

"இன்னாடா?" என்றார் முதலாளி.

"பாவா வராரு."

"எந்தப் பாவா?"

"செத்துப்போன பாவா."

முதலாளி ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "செத்தவன் எதிர்க் கடையில சோடா குடிச்சிகினு கீறான்டா" என்றார்.

அவர்தான் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். நாற்காலி போட்டு, விசிறியால் வீசி, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நேராகவே சொல்லிவிட்டார். "உனக்குக் கருமாதி ஆயிடிச்சிப்பா. மூணு வருஷம் ஆவுது."

பாவா சோடா பாட்டிலைக் கீழே வைத்தார். "நல்லா பண்ணாங்களா?"

"தாசில்தாரே வந்தாரு."

"வடை பாயசத்தோடவா?"

முதலாளி மெஷினுக்குப் பின்னால் கையைக் காட்டினார். "அத அவனக் கேளு."

இதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லவேண்டும்.

பாவா என்றால் என் அக்காவின் புருஷன். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். அப்பாவை நைனா என்போம். என் நைனா கதர்க்காரர். அவருக்கு வேட்டி, தலையணை உறை, கோமணம் எல்லாமே கதர். மறியல் பண்ணி ஆறு மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவர். அதற்குப் பிறகு வீட்டில் எந்தப் பேச்சும் அந்த ஆறு மாதத்தைத் தொடாமல் முடியாது. குழம்பில் உப்பு போதவில்லை என்றால், ஜெயிலில் உப்பே கிடையாது என்பார். மழை வரும்போல இருக்கிறது என்றால், ஜெயிலில் மழை எப்படித் தெரியும் என்று சொல்ல ஆரம்பிப்பார்.

பாவாவின் அப்பா, எங்கள் சம்பந்தி, பள்ளிப்பட்டுப் பக்கத்தில் ஒரு ஊருக்குக் கிராம முன்சீப். அவர் சர்க்கார் பக்கம். கல்யாணம் நடந்தபோது இதெல்லாம் யாருக்கும் உறைக்கவில்லை. யுத்தம் அப்போது வந்திருக்கவில்லை. இரண்டு பேரும் மழையைப் பற்றியும் மாம்பூவைப் பற்றியும் பேசிக்கொண்டு ஒரே தட்டில் வெற்றிலை எடுத்தார்கள்.

யுத்தம் வந்ததும் பட்டாளத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் வேலை சம்பந்திக்கு வந்தது. நன்றாகவே செய்தார். கூலிக்குப் போகிற வீடுகளாகப் பார்த்து, மூன்று வேளை சோறும் பூட்ஸும் என்று சொல்லி, பையன்களை வண்டியில் ஏற்றி அனுப்பினார். அதற்காகச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வெள்ளி வில்லை கொடுத்தார்கள். ஒரு நாள் சந்தையில், பையனை அனுப்பிய ஒரு பொம்பளை எல்லோர் காதிலும் விழும்படி கேட்டுவிட்டாள். "உங்க புள்ள மட்டும் வூட்டுல கீதே, அதுக்கு பூட்ஸு வாணாமா?"

அடுத்த வாரம் பாவாவும் வண்டியில் ஏறினார். அவரை யாரும் கேட்கவில்லை.

மாமியார் இல்லாத வீடு என்பதால் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வெள்ளைக்காரன் உடுப்பு என் வாசற்படி ஏறக்கூடாது என்று நைனா சொல்லிவிட்டார். கப்பல் ஏறுவதற்கு முன் லீவில் வந்த பாவா, மலைக்குப் போகிற படியில் பாதி வழியில் இருக்கிற மண்டபத்தில் காத்திருந்தார். அக்கா சாமி கும்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு இரண்டு பேரும் மேலே போகவே இல்லை. கீழே இறங்கிவந்த அக்காவின் நெற்றியில் விபூதி இல்லாததை நான் பார்த்துவிட்டு, "சாமி கதவு சாத்திட்டாரா?" என்றேன். அவள் என் தலையில் குட்டினாள்.

பிறகு சிங்கப்பூர் விழுந்தது. பாவாவிடமிருந்து கடுதாசி நின்றது. ஒரு வருஷம் கழித்து சம்பந்திக்கு அச்சடித்த காகிதம் ஒன்று வந்தது. காணவில்லை, இறந்திருக்கக்கூடும் என்று அதில் இருந்தது. புரோகிதர், "காணாமப் போனவனுக்குப் பன்னெண்டு வருஷம் பாக்கணும்" என்றார். சம்பந்தி பன்னிரண்டு நாள்கூடப் பார்க்கவில்லை. கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கிற ஜமாபந்திக்குத் தாசில்தார் அந்தப் பக்கம் வருகிற மாதம் அது. உடம்பு இல்லாததால் தர்ப்பையில் ஆள் உருவம் செய்து எரித்தார்கள். பதினாறாம் நாள் தாசில்தார் வந்து, பாவாவின் போட்டோவுக்கும் பக்கத்திலிருந்த இங்கிலாந்து ராஜா படத்துக்கும் சேர்த்து ஒரு மாலை போட்டார். மாலை நீளமாக இருந்தது.

நைனா அதைத் தடுக்கவில்லை. ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அவர் கட்சியின் அடுத்த கூட்டத்தில் விளங்கியது. "வெள்ளைக்காரன் சண்டைக்கு என் மகளோட தாலியே போச்சு" என்று மேடையில் சொன்னபோது ஜனம் உச்சுக் கொட்டியது. அக்காவின் வெறுங்கழுத்தை சம்பந்தி ஒரு கட்சிக்கும் நைனா இன்னொரு கட்சிக்கும் கொடுத்துவிட்டார்கள். அவள் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

என் பங்கும் உண்டு. நான் கம்பாசிட்டர். எழுத்து எழுத்தாகப் பொறுக்கிக் கோத்து அடிக்கிறவன். "ராஜ சேவையில் வீர சொர்க்கம் அடைந்த" என்று பாவாவின் கருமாதிப் பத்திரிகையை நான்தான் கோத்தேன். அவர் கல்யாணப் பத்திரிகைக்கு வைத்த பூ பார்டரையே திருப்பி வைத்துக் கறுப்பு மையில் அடித்தேன். அழகாக வந்திருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் பெருமைதான்.

இப்போது பாவா நாற்காலியில் உட்கார்ந்து சோடா குடித்த நாளுக்கு வருகிறேன்.

வீட்டுக்கு ஓடி அக்காவிடம் சொன்னேன். அவள் அடுப்புக்கு முன்னால் இருந்தாள்.

"உயிரோடயா?"

"சோடா குடிச்சாரு அக்கா. நான் கண்ணால பாத்தேன்."

"சோடா குடிச்சா அவருக்கு விக்கல் வருமே" என்றாள். பிறகு உலையில் இன்னும் ஒரு பிடி அரிசி போட்டாள்.

அந்த ஒரு பிடி அரிசியை என் கையில்தான் கொடுத்தனுப்ப வேண்டியிருந்தது. புரோகிதரைக் கேட்டபோது அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். கருமாதி முடிந்தவன் செத்தவன். அவன் எந்த வீட்டு வாசலும் ஏறக்கூடாது. மறுபடி பிறக்கவேண்டும். பெரிய அண்டாவில் நெய் கலந்த வெந்நீர் ஊற்றி, கையை மூடிக்கொண்டு கர்ப்பத்தில் இருக்கிற மாதிரி அதில் உட்காரவேண்டும். எழுந்த பிறகு பெற்றவர் காதில் பேரைச் சொல்லவேண்டும். அப்புறம் அதே பெண்டாட்டிக்கு மறுபடி தாலி கட்டவேண்டும். அதற்குப் பெண்ணைப் பெற்றவர் தாரை வார்க்கவேண்டும்.

"பேர் வைக்க அவரு வரணும், தாரை வார்க்க இவரு வரணும். ரெண்டு பேர்ல ஒருத்தர் வரலைன்னாலும் நடக்காது" என்றார்.

"ஆறடி மனுஷனுக்கு எந்த அண்டா சாமி பத்தும்?" என்றேன்.

"பொங்கல் அண்டா போதும். நீ வாய மூடு."

மலை அடிவாரத்துச் சத்திரத்தில், காவடி எடுத்து வருகிறவர்கள் தங்குகிற ஒரு அறையில் பாவா இருந்தார். அக்கா சமைத்தாள், நான் தூக்கிக்கொண்டு போனேன். அவள் அங்கே போகக்கூடாது. தாலி அறுத்தவள் அந்நிய ஆணைப் பார்க்கப் போனதாக ஆகிவிடும். அந்நிய ஆண், அவள் புருஷன்.

பாவா பாதிச் சோற்றைத்தான் தின்பார். மீதியை உருட்டி இலையில் கட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். வேண்டாம் பாவா, சாயங்காலம் வேறு கொண்டுவருகிறேன் என்றால், "ஆங், கொண்டா" என்பார். உருண்டை பைக்குள்தான் இருக்கும். எறும்பு சட்டை முழுக்க ஊரும். தட்டிவிடவும் மாட்டார்.

காலில் சுற்றிய துணியை அவிழ்த்த முதல் நாள் நான் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். முழங்காலுக்குக் கீழே ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஆறாத புண். நடுவில் வெள்ளையாகத் தெரிந்தது எலும்பு. குண்டடி இல்லை. ஜப்பான்காரன் கைதியாக வைத்திருந்த தீவில் மூங்கில் கீறினதாம். "மூங்கில் கீறினதுக்கா இவ்ளோ?" என்றேன். "அங்க கீறினா அப்படித்தான்" என்றார். வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் கழுவி வேறு துணி சுற்றினோம். மூன்றாவது நாளிலிருந்து நான் மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல் செய்யப் பழகினேன். அதற்குள் ஊரில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான் இருந்தது. பாவா எந்தப் பக்கம்?

ஜப்பான்காரன் பிடித்த சிப்பாய்களில் கொஞ்சம் பேர் அங்கேயே வெள்ளைக்காரனை எதிர்க்கும் இன்னொரு பட்டாளத்தில் சேர்ந்தார்கள் என்று அப்போது பேப்பர் முழுக்கச் செய்தி. சேர்ந்தவன் நைனாவுக்கு வீரன், சம்பந்திக்குத் துரோகி. சேராதவன் சம்பந்திக்கு விசுவாசி, நைனாவுக்கு அடிமை.

கால் கழுவும்போது நானே கேட்டேன். "மெய்யாலுமே இன்னா பாவா நடந்தது?"

"ஆள் பிரிச்ச அன்னிக்கி எனக்குப் பேதி மச்சான்."

"இன்னா?"

"பேதி. எழுந்துக்க முடியல. சேர்றவன்லாம் மைதானத்துக்கு வான்னாங்க. நான் கக்கூசாண்ட படுத்துகினு இருந்தேன். ரெண்டு நாள் கழிச்சி, வராதவன எல்லாம் கப்பல்ல ஏத்தித் தீவுக்கு மண்ணு சுமக்க அனுப்பிட்டாங்க."

"பேதி இல்லன்னா போயிருப்பியா?"

யோசித்தார். "அந்தப் பக்கம் சோறு போடறதா சொன்னாங்க. போயிருப்பேன்னு நெனக்கிறேன். தெரியல."

நான் சிரித்தேன். அவரும் கொஞ்சம் சிரித்தார். இரண்டு குடும்பமும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த கயிற்றுக்கு நடுவில் இருந்தது இவ்வளவுதான்.

முதலில் வழிக்கு வந்தவர் சம்பந்திதான். பிள்ளையைப் பார்க்க வரவில்லை, ஆனால் சொல்லி அனுப்பினார். வெள்ளிக்கிழமை காலையில் வந்து பேர் வைக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை, கதர்க்காரர் மேடையில் அவன் ஏறினதாக என் காதில் விழக்கூடாது. நைனாவும் தாரை வார்க்கச் சம்மதித்தார். அவருக்கும் ஒரே ஒரு நிபந்தனை. வியாழக்கிழமை சாயங்காலம் சந்தை மைதானத்தில் கூட்டம். அதில் மாப்பிள்ளை வந்து மேடையில் உட்காரவேண்டும்.

பாவா நைனாவிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இருவரும் சத்திரத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"பொய் சொல்ல மாட்டேன் மாமா. உக்காரச் சொன்னா உக்காறேன்."

"உக்காந்தா போதும் மாப்ள. மத்தத நான் பேசிக்கறேன்."

நைனா போனதும் பாவா என்னைப் பார்த்தார். "பள்ளிப்பட்டுக்கு வெள்ளிக்கிழம மத்தியானத்துக்குள்ள சேதி போவக்கூடாது மச்சான். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். நோட்டீஸ் மட்டும் அடிக்காத. வாய்ச் சேதி பஸ்ஸவிட மெதுவாத்தான் போவும்."

"நோட்டீஸா? என் கையால கோத்தாத்தான நோட்டீஸு. நான் பாத்துக்கறேன், போ" என்றேன். நெஞ்சில் தட்டிக்கூடக் காட்டினேன்.

புதன்கிழமை காலை நைனா அச்சுக்கூடத்துக்கு வந்தார். கையில் காகிதம். "விடுதலைப் பட்டாளத்து வீரர், பர்மாக் காடுகளில் ரத்தம் சிந்திய நமது ஊர் மருமகன்" என்று ஆரம்பித்தது. பாவா பர்மாவையே பார்த்ததில்லை.

என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். எழுத்து போதாது, மெஷின் ரிப்பேர், முதலாளி ஊரில் இல்லை. ஊரில் மற்றவர்களிடம் ஒரு நாளைக்கு நூறு பொய் சொல்கிறவன் நான். நைனா என் முகத்தையே பார்த்தார். வாயைத் திறந்தேன்.

"பேரை மட்டும் பெரிய எழுத்துல போடட்டுமா நைனா?" என்றேன்.

போட்டேன். எங்களிடம் இருந்ததிலேயே பெரிய எழுத்து, மர எழுத்து. அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. எங்கள் அச்சுக்கூடத்தில் ஒரு வழக்கம். எந்த நோட்டீஸ் அடித்தாலும் பள்ளிப்பட்டு பஸ் கண்டக்டரிடம் ஒரு கட்டு கொடுத்துவிடுவோம். அவர் வழியில் ஊர் ஊராகப் போட்டுக்கொண்டே போவார். அன்று சாயங்காலம் பஸ் வந்து ஹாரன் அடித்தது. என் கால் தானாக நடந்தது. ஈரம் காயாத கட்டை நானே கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு, அவர் தொப்பியைப் பற்றி ஒரு கேலியும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். பஸ் திரும்பிப் புழுதி அடங்கின பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. பஸ்ஸுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினேன். ஸ்டேஷன் ரோட்டில் பேயைப் பார்த்து ஓடினதில் பாதி வேகம்கூட இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. கண்டக்டர் மறந்துவிடுவார், மழை வரும், சம்பந்திக்குக் கண் மங்கிவிட்டது, என்றெல்லாம் நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை கூட்டத்தில் பாவா மேடையில் உட்கார்ந்தார். நைனா ரொம்ப நேரம் பேசினார். காட்டில் பாவா தன்னந்தனியாக ஒரு வெள்ளைக்காரத் தளபதியைத் துரத்தினார். ஜனம் கை தட்டியது. பேசச் சொல்லு, பேசச் சொல்லு என்று முன்வரிசையில் சத்தம் வந்தது. பாவா வேண்டாம் என்று கையை ஆட்டினார். யாரோ ஒருவர் அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்திவிட்டார்.

நின்றவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதில் சோறு இருந்தது எனக்குத் தெரியும்.

"மாமா சொன்னது நான் இல்ல" என்றார். "ஆள் பிரிச்ச அன்னிக்கி எனக்குப் பேதி. அதனால நான் எதுலயும் சேரல."

பின்வரிசையிலிருந்து சிரிப்பு கிளம்பி முன்னால் வந்தது. நானும் சிரித்தேன். எங்கே சிரிப்புச் சத்தம் கேட்டாலும் கூடச் சிரித்துவிடுவது என் பழக்கம். வாயை மூடுவதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"எங்கப்பா எங்க ஊர்ப் பக்கத்துல இருந்து அனுப்பின பசங்க என்னோட தீவுக்கு வந்தாங்க. பூட்ஸு குடுப்பாங்கன்னு வந்த பசங்க. அவங்களும் எந்தக் கட்சியும் இல்ல. பசியிலதான் செத்தாங்க. ஒருத்தனும் திரும்பல. அவ்ளோதான்."

உட்கார்ந்துவிட்டார். நைனா எழுந்து ஜே போட்டார். பதிலுக்கு நாலைந்து குரல்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை, சத்திரத்துப் பின்பக்கம் பொங்கல் அண்டாவில் தண்ணீர் சூடாகிக்கொண்டிருந்தது. புரோகிதர் நெய் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். அக்காவை ஜட்காவில் கூட்டிவந்து ஒரு அறையில் உட்கார வைத்திருந்தேன். தட்டில் மஞ்சள் கயிறும் பழைய தாலிப் பொட்டும் இருந்தன. பொட்டை அவள் மூன்று வருஷமாகப் புளிப்பானைக்குள் வைத்திருந்தாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

முதல் பஸ்ஸில் சம்பந்தி வந்தார். வெள்ளி வில்லையைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். கையில் நோட்டீஸ். அதைப் புரோகிதர் முன்னால் போட்டார். நான் கோத்த பெரிய எழுத்து மேல் பக்கமாக விழுந்தது.

பாவா எழுந்து நின்றார். "அது பொய்ப்பா. மேடையிலயே இல்லன்னு சொல்லிட்டேன். ஊரையே கேளு."

"பின்ன இது யார் அடிச்சது?"

பாவா என் பக்கம் திரும்பவில்லை. நான் அண்டாவுக்கு அடியில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே நன்றாக எரிந்துகொண்டிருந்த விறகைத்தான் தள்ளினேன்.

"ஊர்ப் புள்ளைங்கள நான் சாவடிச்சேன்னு மேடையில சொன்னியாமே. அதையும் பஸ்ல வர்றப்பவே சொல்லிட்டாங்க" என்றார் சம்பந்தி. பிறகு புரோகிதரைப் பார்த்துப் பேசினார். "எம் பையன் ராஜாவுக்காகச் செத்தான். தாசில்தார் வந்து மாலை போட்டாரு. இது யாரோ."

அதே பஸ் திரும்புவதற்குள் போய் ஏறிக்கொண்டார். நைனாவைக் கூப்பிட ஆள் அனுப்பினேன். தலைவலி, வர முடியாது என்று சொல்லி அனுப்பினார். புரோகிதர் பத்தரை மணி வரை பார்த்தார். ராகுகாலம் ஆரம்பித்ததும் நெய் கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அண்டாத் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. பாவா அதைப் பார்த்தார். "வேப்பல போடு மச்சான். காலாவது கழுவிக்கலாம்" என்றார்.

நான் துணியை அவிழ்க்கக் குனிந்தேன். அக்கா அறையை விட்டு வெளியே வந்தாள். என்னைத் தோளில் தள்ளிவிட்டு அவள் உட்கார்ந்தாள். நாலு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு. அவர் முகத்தை அவள் அப்போதும் பார்க்கவில்லை. புண்ணைப் பார்த்தாள். மூக்கைச் சுளிக்கவில்லை. செம்பில் தண்ணீரை மொண்டு ஊற்றினாள்.

"தட்டுல கயிறு கீது. நீயே கட்டிடேன் பாவா" என்றேன்.

"ஒரு தடவ கட்டினேன். அத அவங்க அறுத்தாங்க. அவங்கதான் வந்து கட்டி வெக்கணும்" என்றார். அக்கா வேறு துணி எடுத்துக் காலில் சுற்றினாள். அன்றைக்கு அவள் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.

சத்திரத்துப் பின்னால் ஒரு அறையில் இருந்தார்கள். மலை ஏறுகிறவர்களுக்கு விற்க விபூதிப் பொட்டலம் மடித்தார்கள். பாவா மலைப் படிக்கட்டின் அடிப்படியில் உட்கார்ந்து விற்பார். அந்தக் காலோடு ஒரு படிகூட ஏறினதில்லை. குழாயடியில் யாராவது, "இன்னாடி வெறுங்கழுத்தோட குடும்பம் நடத்தற?" என்று கேட்டால், "கட்டினவரு படியில குந்திகினு கீறாரு. போய்க் கேளு" என்பாள் அக்கா. கேட்டவள் போய்ப் பொட்டலம் வாங்கிக்கொண்டு பேசாமல் வருவாள்.

சுதந்திரம் வந்த அன்று எங்கள் தெருவில் நைனாதான் கொடி ஏற்றினார். பள்ளிப்பட்டு பஸ்ஸிலிருந்து ஒரு பெரியவர் இறங்கினார். கதர் ஜிப்பா, கதர்த் துண்டு, புது மடிப்பு கலையவில்லை. கிட்டே வந்த பிறகுதான் சம்பந்தி என்று தெரிந்தது. வில்லை குத்துகிற இடத்தில் காகிதக் கொடி குத்தியிருந்தார். நைனா எழுந்து, கையைப் பிடித்து, தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். ஒரே தட்டிலிருந்து வெற்றிலை எடுத்தார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள்.

எனக்கு அப்போதுகூடப் புத்தி வரவில்லை. இனி என்ன தடை, இரண்டு பேரும் ஒரே கட்சி, நாளைக்கே அண்டாவை ஏற்றலாம் என்று நினைத்துக்கொண்டு ஓடிப்போய் நைனா காதில் சொன்னேன்.

"இன்னிக்கி நல்ல நாள்டா. இப்ப எதுக்கு அதக் கிளறிகினு" என்றார் நைனா. சம்பந்தி சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் பாவாவுக்கு ஜுரம் கண்டது. வேலூருக்குக் கூட்டிப்போனோம். எலும்புக்குள் போய்விட்டது, காலை எடுக்கவேண்டும் என்றார்கள். அவர் ஒப்பவில்லை. "இதையும் எடுத்துட்டா நான் அங்க இருந்ததுக்கு என்னாண்ட இன்னா கீது?" என்றார். சத்திரத்து அறைக்கே கூட்டிவந்துவிட்டோம். பதினோரு நாள் இருந்தார். ஒரு காலையில் அக்கா கஞ்சி கொடுக்கப் போனபோது முடிந்திருந்தது. தலைமாட்டில் இலையில் கட்டிய சோற்று உருண்டை ஒன்று இருந்தது.

பள்ளிப்பட்டுக்கு ஆள் அனுப்பினேன். "எம் பையனுக்கு எப்பவோ பண்ணிட்டேன்" என்று பதில் வந்தது. நைனா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை. புரோகிதரிடம் போனேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். மறுபிறவிச் சடங்கு ஆகவில்லையே, ஒரே ஆளுக்குக் கருமாதி இரண்டு தடவை கிடையாதே என்றார். அச்சுக்கூடத்தில் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்றேன். முதலாளி, "இன்னா கோக்கப் போற?" என்று கேட்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

நானும் சத்திரத்து ஆட்கள் மூன்று பேரும் தூக்கிக்கொண்டு போனோம். கொள்ளி நான் வைத்தேன். பத்திரிகை அடிக்கவில்லை. அக்காவின் கழுத்தில் எடுப்பதற்கு ஒன்றும் இல்லாததால் யாரும் எதையும் எடுக்கவில்லை. பதினாறாம் நாள் யாரும் வரவில்லை. அன்று கிருத்திகை, மலையில் கூட்டம். அக்கா மத்தியானம் வரை பொட்டலம் மடித்தாள், நான் அடிப்படியில் உட்கார்ந்து விற்றேன்.